கட்டத்துக்குள் கடல்

கடலில் எந்த உயிர் எங்கே இருக்கும் என்று கணித்துச் சொல்லும் வரைபடங்கள். கொஞ்ச காலமாக அவற்றையே புரட்டிக்கொண்டிருக்கிறேன். தோன்றுவதை அப்படியே எழுதி வைக்கிறேன். வரிசை பார்க்கவில்லை.

*

வாழத் தகுந்த இடம் சிவப்பு. சுமாரான இடம் மஞ்சள். வாய்ப்பில்லாத இடம் நீலம்.

புயல் படத்திலும் சிவப்பு உண்டு. அங்கே அதற்குப் பொருள்: கரைக்குத் திரும்பு.

இரண்டு படமும் ஒரே படகுக்காரர் கைப்பேசிக்குத்தான் போகின்றன.

*

செய்முறை எளிது.

ஓர் உயிரியைப் பார்த்த இடங்களின் பட்டியல். ஒவ்வொரு இடத்திலும் நீரின் வெப்பம், ஆழம், உப்பு, பச்சையம். எந்த வெப்பத்திலிருந்து எந்த வெப்பம் வரை அது தென்படுகிறது, எந்த ஆழம் வரை, என்று எல்லை கட்டுவது. பிறகு அந்த எல்லைக்குள் வரும் கடல் முழுவதற்கும் வண்ணம்.

பார்த்தது சில நூறு இடம். பூசுவது உலகக் கடல்.

*

ஆக்வாமேப்ஸ் என்றொரு தொகுப்பு. பல்லாயிரம் கடலுயிர்களுக்குப் படம் இருக்கிறது. கடலை அரைப் பாகைக் கட்டங்களாக வெட்டியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர்.

வடக்கு 9 முதல் 9.5. கிழக்கு 79 முதல் 79.5. அந்தக் கட்டத்தைத் தேடிப் பார்த்தேன்.

ராமேஸ்வரம் தீவு முழுவதும் அதற்குள். பாம்பன் பாலம் அதற்குள். குருசடைத் தீவு அதற்குள். தனுஷ்கோடி முனையும்.

வடக்கே பாக் விரிகுடா. ஆழம் குறைவு, சேறு, கடல்புல். தெற்கே மன்னார் வளைகுடா. பவளப் பார்கள், அப்பால் இறங்கிப் போகும் ஆழம்.

அங்குள்ளவர்கள் வடக்கைப் பெண் கடல் என்பார்கள், தெற்கை ஆண் கடல். ஒரு பக்கம் கொந்தளிக்கும்போது மறுபக்கம் அடங்கிக் கிடக்கும். நடந்து போய்ப் பார்க்கலாம்.

கட்டத்தில் இரண்டு கடலுக்கும் சேர்த்து ஒரு வெப்பம். ஒரு உப்பு.

*

1851. மேத்யூ மோரி. அமெரிக்கக் கடற்படை அதிகாரி. குதிரை வண்டி விபத்தில் கால் ஊனமானதால் கடலுக்குப் போக முடியாது. வாஷிங்டனில் உட்கார்ந்து கப்பல்களின் நாட்குறிப்புகளைப் படித்தார்.

திமிங்கில வரைபடம் ஒன்று போட்டார். கடலை ஐந்து பாகைக் கட்டங்களாகப் பிரித்து. கட்டத்துக்குள் 12 மாதத்துக்கு 12 பத்தி. குறுக்கே மூன்று வரி.

இரண்டாம் மூன்றாம் வரிகள்: எண்ணெய்த் திமிங்கிலம் கண்ட நாட்கள், ரைட் திமிங்கிலம் கண்ட நாட்கள்.

முதல் வரி: தேடிய நாட்கள்.

அந்த முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். தேடியும் காணாமல் போன நாளுக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறார்.

இன்று கணினிகளில் குவிந்து கிடக்கும் கோடிக்கணக்கான பதிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வரி இல்லை. கண்ட இடம் மட்டும். எத்தனை நாள் தேடினார்கள், எங்கே போய்ப் பார்த்துவிட்டு வெறுமனே திரும்பினார்கள், தெரியாது.

*

அதே 1851இல்தான் மோபி டிக் நாவல் வெளிவந்தது. வரைபடத்தின் மேல் குனிந்து கப்பல் தலைவன் ஏகாப் திமிங்கிலத்தின் வழியைக் கணக்குப் போடும் அத்தியாயம் உண்டு. மோரியின் படத்தைப் பற்றி அங்கே ஓர் அடிக்குறிப்பு. நாவலுக்குள் அடிக்குறிப்பு.

*

காணாத இடம் வேண்டும் என்றால் இன்று என்ன செய்கிறார்கள்?

கணினி தானாகவே எடுத்துக்கொள்கிறது. கடல் மேல் குருட்டாம்போக்கில் புள்ளிகள். மாக்ஸென்ட் என்ற மென்பொருளில், நாம் எதுவும் மாற்றாவிட்டால், 10,000 புள்ளி.

அங்கெல்லாம் யாராவது போய்ப் பார்த்தார்களா என்பது கணக்கில் இல்லை. விலங்கு அங்கே இருக்கவும் கூடும். ஒப்பிட ஏதோ ஒன்று வேண்டும், அதற்காக.

*

மாக்ஸென்ட் முறையை 2006இல் மூன்று பேர் எழுதினார்கள். அவர்களில் ஒருவர் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்டு டி-யின் ஆய்வகத்தில் இருந்தவர்.

சோதித்துக் காட்டிய உயிர்கள் இரண்டு. தென் அமெரிக்காவின் மரத்தில் தொங்கும் ஸ்லாத் ஒன்று. மலையில் வாழும் சிறு எலி ஒன்று.

ஸ்லாத் இடம் மாற நாளாகும். சூரைக்கு ஒரு ராத்திரி போதும்.

*

1957. ஹட்சின்சன், யேல் பல்கலைக்கழகம். ஓர் உயிரியின் வாழிடம் என்பது நிலத்தில் இருக்கும் இடம் அல்ல, வெப்பம், ஈரம், உப்பு என்ற அளவுகளுக்குள் இருக்கும் இடம் என்றார். இன்றைய வரைபடங்களெல்லாம் அதிலிருந்துதான் பிறக்கின்றன.

அவர் ஏரிகளைப் படித்தவர். 1932இல் லடாக் ஏரிகளுக்கு வந்திருக்கிறார்.

அந்தப் புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பு வெறும் 'முடிவுரை'. ஒரு கருத்தரங்கில் கடைசியாகப் பேசியது.

அதே 1957இல் ஜெய்ன்ஸ் என்ற இயற்பியலாளர் எழுதிய ஒரு தத்துவம்தான் மாக்ஸென்டின் அடித்தளம். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்திருப்பாரா?

*

1935. டவுன்சென்ட் என்பவரின் படங்கள். அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்களின் குறிப்புகளிலிருந்து எடுத்து, ஒரு திமிங்கிலத்துக்கு ஒரு புள்ளி. ஐம்பதாயிரத்துக்கும் மேல். மாதத்துக்கு ஒரு நிறம்.

புள்ளி விழுந்த இடம்: கொன்ற அன்று கப்பல் நின்ற இடம்.

வாழும் இடத்தைக் காட்ட இன்றும் அந்தப் படங்களைப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சாவு.

பாய்க்கப்பல் காலம். காற்று கொண்டுபோகும் வழியில் புள்ளிகள் நெருக்கம்.

*

ரைட் திமிங்கிலங்கள் நிலநடுக்கோட்டைத் தாண்டுவதில்லை என்று மோரி தன் படத்தைப் பார்த்துச் சொன்னார். வடக்கே இருப்பதும் தெற்கே இருப்பதும் ஒன்றல்ல என்றார். வெதுவெதுப்பான நீர் அவற்றுக்கு மதில்.

இன்று மூன்று இனங்களாகப் பிரித்திருக்கிறார்கள். வட அட்லாண்டிக், வட பசிபிக், தெற்கு.

மரபணு என்ற சொல்லே இல்லாத காலத்தில். வெறும் நாட்குறிப்புகளை வைத்து.

*

வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

உயிரோடிருப்பவை நானூற்றுக்கும் குறைவு.

ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. பலவற்றுக்குப் பெயர். தலையில் சொரசொரப்பான தடிப்புகள், ஒன்றுக்கு இருப்பது போல் இன்னொன்றுக்கு இருக்காது. பாஸ்டனில் உள்ள நியூ இங்கிலாந்து அக்வேரியம் அந்தப் படங்களின் தொகுப்பை வைத்திருக்கிறது.

தடிப்பு வெள்ளையாகத் தெரிவது பேனால். திமிங்கிலப் பேன். ஒரு தலையில் ஆயிரக்கணக்கில் குடியிருக்கும். விமானத்திலிருந்து குனிந்து, இன்னார் என்று அடையாளம் சொல்பவர்கள் பார்ப்பது பேன்களின் வெள்ளையை.

*

இந்தத் திமிங்கிலத்தின் உணவு காலனஸ் என்ற மிதவையுயிர். அரிசி மணி அளவு. நாளுக்கு ஒரு டன்னுக்கு மேல் வேண்டும்.

கடலில் காலனஸ் இருந்தால் மட்டும் போதாது. நெருங்கித் திரண்டிருக்க வேண்டும். கலங்கலாகப் பரவிக் கிடந்தால் வாயைத் திறந்து நீந்தும் உழைப்புக்குக் கூலி கட்டாது.

அதனால் திமிங்கிலம் எங்கே என்ற கேள்வி, காலனஸ் எங்கே திரளும் என்று மாறுகிறது. அது, எந்த நீரோட்டம் எந்தப் பள்ளத்தில் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று மாறுகிறது.

கோடை முடியும்போது காலனஸ் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு ஆழத்தில் இறங்கி ஓய்ந்து கிடக்கும். நூறு மீட்டருக்கும் கீழே. திமிங்கிலம் தேடிப் போவது அந்தக் கொழுப்பை.

செயற்கைக்கோள் கடலின் வெப்பத்தை அளப்பது மேல்தோலில். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

*

ஃபண்டி விரிகுடா, கனடா. ஆண்டுதோறும் கோடையில் திமிங்கிலங்கள் கூடிவந்த இடம். கப்பல் தடம் அதன் நடுவே போனது.

2003இல் தடத்தை நகர்த்தினார்கள். அழிவின் விளிம்பில் உள்ள திமிங்கிலத்துக்காக உலகத்தில் முதல் முறை. எத்தனையோ ஆண்டுகளாகப் பார்த்துப் பார்த்துக் குறித்த புள்ளிகள்தான் ஆதாரம்.

2008இல் நோவா ஸ்கோஷியாவுக்குத் தெற்கே ரோஸ்வே பள்ளத்தைச் சுற்றிப் போகும்படி கப்பல்களுக்குச் சொன்னார்கள்.

கேட்டார்கள். பெரும்பாலான கப்பல்கள் விலகிப் போயின. இதை எழுதும்போது மனம் நிறைகிறது.

2010 வாக்கில் திமிங்கிலங்கள் அங்கே வருவது குறைந்தது.

*

ஃபண்டி திறக்கும் மெய்ன் வளைகுடாவின் அடிநீர் சூடாகிவிட்டது. அட்லாண்டிக்கின் வளைகுடா நீரோட்டத்தின் பக்கமிருந்து வெதுவெதுப்பான நீர் கடலடிக் கால்வாய் வழியாக உள்ளே புகுந்தது. காலனஸ் குறைந்தது.

கப்பல்கள் புதிய தடத்தில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன.

*

2015 முதல் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் திமிங்கிலங்கள் கூட்டமாகத் தென்பட்டன. வடக்கே, வேறு கடல்.

அப்போது அங்கே அவற்றுக்கென்று ஏற்பாடு எதுவும் இல்லை. வேக வரம்பு இல்லை. மூடிய பகுதி இல்லை. பனி நண்டு பிடிக்கும் பொறிகள் அடியில், அவற்றிலிருந்து மேலே மிதவை வரை நிமிர்ந்து நிற்கும் கயிறுகள். மான்ட்ரியலுக்குப் போகும் கப்பல்கள்.

2017 கோடை. கனடாவில் 12 செத்துக் கரையொதுங்கின, மிதந்தன. அமெரிக்கப் பக்கம் சேர்த்தால் அந்த ஆண்டில் 17.

*

2019இல் கனடாவில் 9.

அவற்றில் ஒருத்தியின் பெயர் பங்ச்சுவேஷன். எண் 1281. தலையில் கமாவும் கோடுமாகத் தழும்புகள், அதனால் அந்தப் பெயர். வயது நாற்பதை நெருங்கியிருந்தது. எட்டுக் குட்டி ஈன்றவள்.

கப்பல் மோதி இறந்தாள்.

தாய்கள் குறைவு. ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போகிறது. எட்டு என்பது பெரிய எண்.

*

இப்போது நகரும் எல்லைகள். செயின்ட் லாரன்ஸில் ஒரு திமிங்கிலம் கண்ணில் பட்டால், அல்லது நீருக்கடியில் வைத்த ஒலிவாங்கியில் அதன் குரல் கேட்டால், சுற்றிலும் ஏறக்குறைய 2,000 சதுர கிலோமீட்டர் மீன்பிடிப்புக்கு மூடப்படும். 15 நாள்.

கப்பலுக்கு 10 நாட் வேகம். மணிக்கு 18.5 கிலோமீட்டர்.

நண்டு பிடிப்பவரையும் நினைத்துக்கொள்கிறேன். பருவமே குறுகியது. பொறி வைத்த இடம் திடீரென்று மூடப்பட்டுவிட்டது என்று செய்தி வரும். பொறிகளை எடுத்துக்கொண்டு வேறு இடம் போக வேண்டும். அவர் போட்ட கணக்கிலும் ஒரு வரைபடம் இருந்திருக்கும்.

*

நாய்கள்.

ஃபண்டியில் ஆய்வுப் படகின் முன்னால் நாயை உட்கார வைத்தார்கள். திமிங்கிலச் சாணத்தை ஒரு கடல் மைலுக்கு அப்பாலிருந்தே மோப்பம் பிடிக்கும். வாலையும் தலையையும் பார்த்துப் படகைத் திருப்புவார்கள்.

மிதக்கும் சாணம் சிறிது நேரத்தில் மூழ்கிவிடும். அதற்குள் போய் வலையில் அள்ள வேண்டும்.

அதில் மன அழுத்தத்தின் ஹார்மோனை அளந்தார்கள். 2001 செப்டம்பரில் நியூயார்க் கோபுரங்கள் விழுந்த பிறகு சில நாள் கப்பல் போக்குவரத்து குறைந்தது. நீருக்கடியில் இரைச்சல் குறைந்தது. அந்த நாட்களில் ஹார்மோனும் குறைந்திருந்தது.

ஆய்வு 2012இல் வெளிவந்தது.

வெப்பத்துக்கு ஓர் அடுக்கு, ஆழத்துக்கு ஓர் அடுக்கு, உப்புக்கு ஓர் அடுக்கு. இரைச்சலுக்கு அடுக்கு வைத்த வாழிடப் படம் அரிதாகத்தான் கண்ணில் படுகிறது.

*

அட்சரேகை பூஜ்யம், தீர்க்கரேகை பூஜ்யம். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் திறந்த கடல். வானிலை மிதவை ஒன்றை அங்கே கட்டியிருந்தார்கள்.

இடம் எழுத மறந்த பதிவுகளெல்லாம் அங்கே போய்ச் சேரும். எண் இல்லாத கட்டத்தில் கணினி பூஜ்யம் போட்டுவிடும்.

நிலத்தில் விழுந்த மீன்களும் உண்டு. பிடித்த இடத்துக்குப் பதிலாக விற்ற ஊரை, அருங்காட்சியகம் இருந்த ஊரை எழுதியவை.

*

சீலகாந்த் மீன். அழிந்துபோனதாக எண்ணியிருந்தது. 1938இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்தது. அடுத்தது 1952இல், கொமொரோ தீவுகளில். பிறகு இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கத்து மீன் என்று எல்லோரும் நம்பினார்கள்.

1997. இந்தோனேசியாவின் மனாடோ. மீன் சந்தையில் ஒரு தள்ளுவண்டியில் போய்க்கொண்டிருந்தது.

அங்கிருந்த மீனவர்கள் அதைக் கடல் ராஜா என்று அழைத்துவந்தார்கள். அவர்கள் வலையில் எப்போதாவது விழும்.

கொமொரோவிலிருந்து சுமார் பத்தாயிரம் கிலோமீட்டர்.

*

மன்னார் வளைகுடா. முத்துச் சிப்பி.

பாறைத் திட்டுக்குப் பார் என்று பெயர். சிப்பி ஒட்டுவது பாரில். எந்தப் பாரில் இந்த ஆண்டு சிப்பி விளையும் என்று அறிவதற்காக அரசுகள் செலவழித்த பணம் கொஞ்சமல்ல. சலாபத்துக்கு, அதாவது முத்துக்குளிப்புக்கு, முன் குளியாட்களை இறக்கி, இங்கே ஒரு முங்கு, அங்கே ஒரு முங்கு என்று எடுத்து எண்ணிப் பார்ப்பார்கள். மாதிரி எடுப்பது.

1902இல் இலங்கை அரசு லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மனை வரவழைத்தது. சிப்பி ஏன் பொய்த்துப் போகிறது என்று கண்டுபிடிக்க. கூட வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல்.

இலங்கைப் பக்கம் 'பெரிய பார்' என்று ஒன்று. குஞ்சுச் சிப்பிகள் கணக்கில்லாமல் வந்து ஒட்டும். முத்து வைக்கும் வயதுக்கு முன்னால் காணாமல் போகும். மறுபடி ஒட்டும். மறுபடி போகும்.

திறந்த கடலுக்கு விளிம்பில் இருக்கும் பார். தென்மேற்குப் பருவக்காற்றில் அடித்துப் போய்விடுகிறது என்றார் ஹெர்ட்மன். வேறு பார்களுக்குக் குஞ்சுகளை மாற்றிப் போடலாம் என்றார்.

சிப்பி ஒட்டும் இடம். சிப்பி வளராத இடம். ஒரே பார்.

குஞ்சைக் கண்ட அன்று குறித்தால் அது வரைபடத்தில் ஓர் இருப்பு.

*

1905இல் அமோக விளைச்சல். 1906இல் ஒரு லண்டன் கம்பெனி இலங்கைப் பார்களை 20 ஆண்டுக்குக் குத்தகை எடுத்தது.

1907க்குப் பிறகு பார்கள் வெறுமை. கம்பெனி கலைந்தது.

தூத்துக்குடிப் பக்கம் கடைசிச் சலாபம் 1961.

*

ஹார்னெல் பிறகு சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு வந்தார். 1923இல் ராமசாமி நாயுடுவும் அவரும் சேர்ந்து மத்தியைப் பற்றி எழுதினார்கள். அது என்ன தின்கிறது என்று வயிற்றைத் திறந்து பார்த்து.

பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஒரு பாசியைப் பிடித்தார்கள். ஃபிராஜிலேரியா ஓஷியானிகா. கண்ணுக்குத் தெரியாத அளவு. அது மேற்குக் கரையில் பெருகினால் மத்தி பெருகும் என்று 1955இல் எழுதினார்கள்.

ஒரு சொட்டுக் கடல்நீர், ஒரு நுண்ணோக்கி. அதில் மீனை முன்கூட்டிச் சொல்வது.

*

மத்தி. குமரி மாவட்டத்தில் சாளை.

1980களின் நடு வரை இந்தியாவில் பிடிபட்ட எண்ணெய் மத்தி ஏறக்குறைய முழுவதும் மலபார் கரையில், வடக்கு 8 முதல் 14 பாகைக்குள். பிறகு வடக்கே மகாராஷ்டிரம், குஜராத் வரை பரவியது. கிழக்கே தமிழ்நாட்டுக் கரைக்கும் வந்தது. கடல் சூடாவதோடு இதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள் மீன்வள அறிஞர்கள்.

கேரளத்தில் 2012இல் ஏறக்குறைய 4 லட்சம் டன்.

2021இல் 3,297 டன்.

கொச்சியில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. இரண்டு எண்களையும் மேலும் கீழுமாக எழுதிப் பார்த்தேன்.

அதே கடல். அதே அட்சரேகை. நீண்ட காலச் சராசரி வெப்பத்தில் ஒன்பது ஆண்டில் பெரிய மாற்றம் ஏதும் தெரியாது. மத்தியின் ஆயுளே ஏறக்குறைய இரண்டரை ஆண்டு.

எந்தச் சராசரியை எடுக்கிறார்கள்? மத்தியின் நான்கைந்து தலைமுறைக்குப் பத்தாண்டுச் சராசரி ஒன்றுதான்.

*

இன்காய்ஸ். மத்திய அரசின் கடல் தகவல் மையம். 1999இல் தொடங்கியது. ஹைதராபாத்தில் இருக்கிறது.

கடலின் மேல் வெப்பம் சட்டென மாறும் கோடு எங்கே, பச்சையம் சட்டென மாறும் கோடு எங்கே. இரண்டும் சேருமிடத்தில் மீன் கூடும் வாய்ப்பு. அதைக் கரையோர மொழிகளில் அனுப்புகிறார்கள். தமிழிலும்.

இன்ன இறங்குதளத்திலிருந்து இன்ன திசையில், இத்தனை கிலோமீட்டர், இத்தனை மீட்டர் ஆழம்.

என்ன மீன் என்று இருக்காது. சூரைக்குத் தனி அறிவிப்பு உண்டு.

மேகம் மூடினால் அறிவிப்பு இல்லை. பருவமழைக் காலத்தில் கடல் செயற்கைக்கோளுக்குத் தெரியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுக்குத் தடை. அப்போதும் இல்லை.

*

மலை உச்சியும் கோயில் கோபுரமும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். வேறொரு பக்கம் பனைமரமும் கலங்கரை விளக்கமும் ஒரே கோட்டில். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில், அடியில், பார்.

அப்பா மகனுக்குக் கடலில் வைத்துக் காட்டிக் கொடுக்கும் வரைபடம்.

இப்போது கையில் ஜிபிஎஸ். எண்களை யாரும் யாரிடமும் சொல்வதில்லை. சொல்லவும் கூடாது, அது அவர் சோறு.

மீன் உறுதியாகக் கிடைக்கும் புள்ளிகள் எந்தத் தரவுத் தொகுப்பிலும் வராது.

*

ஹவாய்க்கு வடக்கே பெருந்தலை ஆமைகள். 18.5 டிகிரி வெப்பக் கோட்டை ஒட்டித் திரியும். அந்தக் கோடு எங்கே என்று தினம் படம் போட்டு வெளியிட்டார்கள், தூண்டில் கப்பல்கள் விலகிப் போவதற்காக. டர்ட்டில்வாட்ச் என்று பெயர்.

அந்தக் கப்பல்கள் தேடும் வாள்மீனும் அந்தப் பக்கம்தான்.

விலகு என்று சொல்லும் கோடும் வா என்று சொல்லும் கோடும் ஒன்று.

*

ஆழ்கடல் பவளத்துக்கு உலகப் படம் 2011இல் வந்தது. நியூசிலாந்துக்குக் கிழக்கே லூயிவில் கடலடி மலைத்தொடரில் நல்ல சிவப்பு.

2014இல் தங்காரோவா என்ற ஆய்வுக் கப்பல் கேமராவை இழுத்துக்கொண்டு அங்கே போய்ப் பார்த்தது. படம் சொன்ன அளவுக்குப் பவளத் திட்டு இல்லை.

காரணங்களில் ஒன்று ஆழத்தின் கணக்கு. பசிபிக்கின் அடியை நாம் அவ்வளவு துல்லியமாக அளந்ததில்லை. இன்னொன்று அடித்தரை பாறையா மணலா என்று தெரியாதது. பவளக் குஞ்சுக்கு ஒட்டிக்கொள்ளப் பாறை வேண்டும்.

போய்ப் பார்த்து, இல்லை என்று எழுதினார்களே. அதற்காக அவர்களை மதிக்கிறேன். அந்த மாதிரிக் கட்டுரைகள் அதிகம் இல்லை.

*

ஆவுளியா. கடல் பசு.

பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது 2022 செப்டம்பரில். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரை.

அதற்குக் கடல்புல் வேண்டும். கடல்புல்லுக்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சத்துக்குத் தெளிந்த நீரும் குறைந்த ஆழமும். வரைபடம் போடுவது சுலபம் என்று தோன்றும்.

வாடைக்காற்றுக் காலத்தில் பாக் விரிகுடா கலங்கிவிடும். மண் மேலே வரும். பச்சையத்தை அளக்கும் செயற்கைக்கோள் கலங்கிய மண்ணையும் பச்சையம் என்று எண்ணிக் கூட்டிச் சொல்லும். கரையோரத்தில் இந்தத் தொல்லை எல்லா நாட்டிலும் உண்டு.

*

சீனாவின் தென்கரையில் இன்னும் கடல்புல் இருக்கிறது. குறைந்துவிட்டது, ஆனால் இருக்கிறது.

2022இல் வந்த ஆய்வு. 700க்கும் மேற்பட்ட மீனவர்களைக் கேட்டார்கள். கடைசி ஐந்து ஆண்டில் கடல் பசுவைக் கண்டதாகச் சொன்னவர்கள் மூன்று பேர்.

அங்கே அந்த உயிர் அற்றுப்போனதற்குச் சமம் என்று எழுதினார்கள்.

வெப்பம் சரி. ஆழம் சரி. உப்பு சரி.

*

நம் பக்கம் ஒரு காலத்தில் ஆவுளியாக் கறி விற்றிருக்கிறது. 1972 வன உயிரினச் சட்டத்தில் அதைக் கொல்வது குற்றமானது. இன்று வலையில் தவறிச் சிக்கினால் அவிழ்த்து விடும் மீனவருக்கு வனத்துறை பரிசும் பாராட்டும் தருகிறது. வலையை அறுத்துத்தான் விட வேண்டியிருக்கும். வலை விலை தெரிந்தவர்களுக்கு அது என்ன செலவு என்று தெரியும்.

அறுத்து விட்ட இடத்தை யாராவது எழுதி வைத்துக்கொண்டால், அது உயிரோடு போன ஒன்றின் புள்ளி.

*

கடல் பசுவை நேரில் பார்ப்பது அரிது. மூச்சு விட மூக்கு மட்டும் மேலே வரும், ஒரு நொடி. கலங்கல் நீரில் விமானத்திலிருந்தும் தெரியாது.

அதனால் மேய்ந்த தடத்தைத் தேடுகிறார்கள். வேரோடு பிடுங்கித் தின்னும். அடித்தரையில் வளைந்து போகும் ஒரு மொட்டைப் பாதை. மூழ்கிப் பார்ப்பவர்கள் அதன் அகலத்தை அளந்து வைக்கிறார்கள்.

பாதை எத்தனை நாள் நிற்கும்? புல்லைப் பொறுத்தது. ஹாலோஃபிலா வகைச் சிறு புல் சீக்கிரம் முளைத்து மூடிவிடும். தடித்த வேர்ப் புல்லுக்கு மாதக்கணக்கில் ஆகும்.

புல் வகையையும் தேதியையும் கூடவே எழுதினால்தான் அந்தத் தடத்துக்கு வயது சொல்ல முடியும்.